ஓலான் வேடம் யாருக்கு? 1935இல் ஒரு நடிகையை ஹாலிவுட் வேண்டாம் என்ற கதை

1938 மார்ச் 10ஆம் தேதி இரவு நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது, ‘தி குட் எர்த்’ படத்தில் ஓலான் என்ற சீனக் குடியானவப் பெண்ணாக நடித்தவருக்குப் போனது. அவர் பெயர் லூயிஸ் ரெய்னர். ஜெர்மனியில் பிறந்தவர். ஹாலிவுட்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. விழா நடந்த அதே லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக்கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்து, 14 வயதில் கேமரா முன் வந்து நின்று, மூன்று கண்டங்களில் பேர் வாங்கியிருந்த சீன அமெரிக்க நடிகை ஒருவர் அந்த வேடத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவர் அன்னா மே வோங். ஓலான் அவருக்குக் கிடைக்கவில்லை.

மேற்கத்திய சினிமாவில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே பொதுவாகிவிடுகிறது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று ஒருவர் சொல்வார், ‘இன்றைக்கும் அப்படித்தான்’ என்று இன்னொருவர் சொல்வார், அதோடு முடிந்துபோகும். ஒரே ஒரு நடிகர் தேர்வை எடுத்துக்கொண்டு, யார் எப்போது என்ன முடிவெடுத்தார், என்ன காரணம் சொன்னார், அந்தக் காரணம் நிற்குமா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

1935 வரை அன்னா மே வோங்

1905 ஜனவரி 3ஆம் தேதி பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் வோங் லியு ட்சோங். அப்பாவே கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்படியானால் இவர் அந்த மண்ணில் மூன்றாம் தலைமுறை. இருந்தும், சீனர்களின் வருகையைத் தடுக்க 1882இல் கொண்டுவந்த சட்டம் அப்போது நடப்பில் இருந்ததால், படப்பிடிப்புக்காக வெளிநாடு போகும்போதெல்லாம் ‘நான் அமெரிக்கக் குடிமகள்தான், என்னைத் திரும்பி வர விடுங்கள்’ என்று முன்கூட்டியே குடியேற்ற அதிகாரிகளிடம் மனுப் போட வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தின் தலைப்பே ‘சீன இனத்தைச் சேர்ந்த, அமெரிக்கக் குடிமகன் எனச் சொல்லிக்கொள்பவரின் விண்ணப்பம்’ என்ற பொருளில் இருந்தது. சினிமா பார்க்கப் போகிற ஊரெல்லாம் தெரிந்த முகம், சொந்த நாட்டுக்குத் திரும்பி வர ஒவ்வொரு தடவையும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

1922இல், 17 வயதில், ‘தி டோல் ஆஃப் த சீ’ படத்தில் கதாநாயகி. ஆரம்பகால டெக்னிகலர் வண்ணப் படங்களில் ஒன்று அது. வெள்ளைக்காரன் ஒருவனைக் காதலித்து, அவன் விட்டுப்போன பிறகு குழந்தையையும் பறிகொடுத்துக் கடலில் இறங்கிச் சாகிற பெண் வேடம். 1924இல் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. அதில் சதிசெய்கிற அடிமைப்பெண். இந்த இரண்டு அச்சுகள்தான் அவருக்கு மறுபடி மறுபடி கிடைத்தன. ஒன்று ஏமாந்து சாக வேண்டும், இல்லை ஏமாற்றிச் சாக வேண்டும். 1928இல் சலித்துப்போய் பெர்லினுக்குக் கப்பல் ஏறினார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் படங்கள் செய்தார், ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டார், மேடையில் நடித்தார். 1929இல் லண்டனில் எடுத்த ‘பிக்கடிலி’யில் அவர் திரைக்கு வந்த பிறகு வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது.

அந்தப் பேரோடு ஹாலிவுட் திரும்பினார். 1931இல் ‘டாட்டர் ஆஃப் த டிராகன்’ படத்தில் முக்கிய வேடம் அவருக்கு. சம்பளம் 6,000 டாலர். உடன் நடித்த ஜப்பானிய நடிகர் செஸ்ஸூ ஹயகாவாவுக்கு 10,000. கொஞ்ச நேரமே வந்து போகிற, சீன வில்லன் வேஷம் கட்டிய சுவீடன்காரர் வார்னர் ஓலண்டுக்கு 12,000. அதற்கு அடுத்த வருஷம் மெட்ரோ கோல்ட்வின் மேயர், அதாவது எம்ஜிஎம், ‘தி சன்-டாட்டர்’ என்று சீனர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தது. வோங்கையும் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஹெலன் ஹேய்ஸ் என்ற வெள்ளை நடிகையின் முகத்தில் சீன ஒப்பனை போட்டு நடிக்கவைத்தார்கள். சீனப் பெண்ணாக நடிக்க வோங் அளவுக்கு மீறிச் சீனப் பெண்ணாக இருக்கிறார் என்று அப்போது பேச்சு இருந்தது.

படம்

பேர்ல் பக் எழுதிய நாவல் 1931இல் வந்தது. பாதிரியார் குடும்பத்தில் பிறந்து சீனாவிலேயே வளர்ந்த அமெரிக்கப் பெண் அவர். வாங் லுங் என்ற ஏழை உழவன், அவன் கட்டிக்கொள்ளும் அடிமைப்பெண் ஓலான், வறட்சி, பஞ்சம், பிறகு வரும் செல்வம், அந்தச் செல்வம் வந்ததும் அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் இரண்டாம் மனைவி லோட்டஸ் என்று போகும் கதை. நிலத்தோடு பாடுபடுகிற எந்த ஊர்க்காரருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு கிடைத்தது. உரிமையை எம்ஜிஎம் வாங்கியது.

சீன நடிகர்களை வைத்தே எடுக்க வேண்டும் என்று பேர்ல் பக் விரும்பினார். தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க்குக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. அமெரிக்க ரசிகர்கள் அதற்குத் தயாராக இல்லை என்று கைவிட்டார்கள்.

நடிகர்களைத் தவிர மற்ற எல்லாமே அசலாக இருக்க வேண்டும் என்பதில் ஸ்டூடியோ பிடிவாதமாக இருந்தது. சீனாவுக்கே ஒரு படக்குழுவை அனுப்பி வயல்களையும் ஊர்களையும் படம் பிடித்து வந்தார்கள். அங்கிருந்து கருவிகள், துணிமணிகள், வீட்டுச் சாமான்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே சாட்ஸ்வொர்த்தில் 500 ஏக்கர் நிலத்தைச் சீன வயலாக மாற்றினார்கள். கூட்டக் காட்சிகளுக்குச் சைனாடவுனிலிருந்து நூற்றுக்கணக்கான சீனர்களை அழைத்து வந்தார்கள். மூன்று வருஷ உழைப்பு, 28 லட்சம் டாலர் செலவு. கலப்பையும் மண்ணும் கூட்டமும் சீனத்தது. அந்தக் கலப்பையைப் பிடிக்கிற ஆளும் அவன் பெண்சாதியும் மட்டும் வேறு.

வாங் லுங்காகப் பால் முனியை வார்னர் பிரதர்ஸிடமிருந்து இரவல் வாங்கினார்கள். அன்றைய லெம்பெர்கில், இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில், பிறந்த யூதர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் நாடக மேடையில் வளர்ந்த பெரிய நடிகர். இந்த வேடத்துக்குத் தான் பொருத்தமில்லை என்று அவரே தயங்கியதாகச் சொல்வார்கள். மாமா, அப்பா, தாசி வீட்டுக்காரி என்று முக்கியமான வேடங்கள் எல்லாம் வெள்ளை நடிகர்களுக்கு. மூத்த மகனாகக் கீ லூக், இளைய மகனாக ரோலண்ட் லூயி, அத்தையாக சூ யோங் என்று சில வேடங்கள்தான் சீன வம்சாவளி நடிகர்களுக்குப் போயின.

1935 டிசம்பர்

வோங் ஓலானைக் கேட்டார். ஸ்டூடியோ டிசம்பரில் அவரை வைத்து ஸ்கிரீன் டெஸ்ட், அதாவது கேமரா முன் நடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை, எடுத்தது. ஓலானுக்கு இல்லை. லோட்டஸுக்கு. தேநீர்க்கடையில் ஆடுகிறவள், கதாநாயகனை மயக்குகிறவள், குடும்பத்தைக் கெடுப்பவள், கடைசியில் அவன் மகனையும் விட்டுவைக்காதவள். படத்தில் பார்ப்பவர் வெறுக்க வேண்டிய பெண் என்றால் அவள் ஒருத்திதான்.

படத்தின் இணைத் தயாரிப்பாளர் ஆல்பர்ட் லெவின் அந்த டெஸ்டுகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். லோட்டஸ் வேடத்துக்கு வோங் போதுமான அழகில்லை என்பது போல ஒரு தயக்கம் அதில் இருக்கிறது. வேறு பல சீன வம்சாவளி நடிகர்களையும் சோதித்தார்கள். சீனர்கள் எப்படி இருப்பார்கள் என்று லெவினின் மனதில் இருந்த உருவத்துக்கு அவர்களில் பலர் பொருந்தவில்லையாம். இந்த இடத்தில் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சீனரின் முகம் சீனரைப் போல இல்லை என்று ஒருவர் எழுதுகிறார். அந்தக் குறிப்பை வைத்து வேலை போகிறது.

வோங்கின் பதில் பத்திரிகைகளில் வந்தது. வெள்ளை நடிகர்கள் எல்லாம் சீன நல்லவர்களாக நடிக்க, உடம்பில் சீன ரத்தம் ஓடுகிற தான் மட்டும் படத்தின் ஒரே கெட்டவளாக நடிக்க வேண்டுமா என்று கேட்டார். லோட்டஸ் வேடம் கடைசியில் வியன்னாவைச் சேர்ந்த நடனக் கலைஞர் டில்லி லோஷுக்குப் போனது. வோங் 1936 ஜனவரியில் முதல் தடவையாகச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்.

‘விதி அப்படி’

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஹேஸ் கோட். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்களுக்குத் தாங்களே 1930இல் எழுதிக்கொண்டு, 1934 ஜூலையிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஒழுக்க விதிகள் அவை. அதில் இனக்கலப்பு உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று ஒரு வரி உண்டு. பால் முனி வெள்ளையர். அதனால் அவருக்கு மனைவியாகச் சீனப் பெண் நடிக்க முடியாது. அதனால் வோங்குக்கு ஓலான் இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். நானும் பல வருஷம் இதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு உதிர்ந்துவிடுகிறது.

முதலில் விதியின் வாசகம். தடை செய்யப்பட்டது எதுவென்று அடைப்புக்குறிக்குள் அதிலேயே விளக்கியிருந்தார்கள்: வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவு. சீனர்களைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல் இல்லை. அதைச் சீனர்களுக்கும் நீட்டிக்கொண்டது தொழிலின் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் சட்டமும் நின்றது என்பது உண்மை. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் ‘மங்கோலியர்’ என்று சட்டம் பெயரிட்டவர்களும் கல்யாணம் செய்துகொள்ள 1948 வரை தடை இருந்தது. வோங்கே ஒரு வெள்ளைக்காரரைக் காதலித்தாலும் சொந்த ஊரில் தாலி கட்டிக்கொள்ள முடியாத நிலை. அவர் கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.

அடுத்தது கதை. வாங் லுங் சீனன், ஓலான் சீனப்பெண். கதைக்குள் இனக்கலப்பு என்று ஒன்றுமே கிடையாது. அப்படியானால் விதி பாத்திரங்களைப் பார்க்கவில்லை, ஒப்பனைக்கு அடியில் இருந்த தோலைப் பார்த்தது. இங்கேதான் எனக்கு இந்த வழக்கின் முடிச்சே இருப்பதாகப் படுகிறது. கண்ணிமையை இழுத்து ஒட்டி, நிறம் பூசி, ‘இவர் சீன உழவன், நம்புங்கள்’ என்று ரசிகரிடம் கேட்கிறது ஸ்டூடியோ. ரசிகர் நம்பிவிட்டால் பக்கத்தில் ஒரு சீனப் பெண் நிற்பதில் என்ன தடை? அவர் பக்கத்தில் வோங் நின்றால் முனி வெள்ளையர் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும் என்ற பயம்தான் தடை. ஒப்பனை பொய் என்று காட்டிக்கொடுக்கிற ஒரே பொருள் உண்மையான முகம். அதனால் அந்த முகத்தை ஃப்ரேமுக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதுதான் கணக்கை முழுசாக உடைக்கிறது. லோட்டஸ் யார்? வாங் லுங்கின் இரண்டாம் மனைவி. அதே பால் முனிதான் அவளை ஆசைப்பட்டு வீட்டுக்குக் கூட்டி வருகிறார். வெள்ளை நடிகருக்கு மனைவியாகச் சீன நடிகை நடிக்கவே கூடாது என்றால் லோட்டஸுக்கும் அதே தடைதானே? பிறகு எதற்கு வோங்கை வைத்து லோட்டஸுக்கு டெஸ்ட் எடுத்தார்கள்? மதிப்புக்குரிய மனைவியாக வரக் கூடாது, மோகத்துக்குரிய ஆசைநாயகியாக வரலாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதி வைக்க யாருக்கும் தேவைப்படவில்லை. விதி வருவதற்கு முன்பே தீர்ப்பு இருந்தது. கையில் கிடைத்த விதியைப் பிறகு அதற்கு முட்டுக்கொடுத்தார்கள். 1922லிருந்து வோங்குக்குக் கொடுத்த வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு தெளிவாகவே தெரியும்.

‘பெயர் பெற்ற ஆள் இல்லை’

இன்னொரு காரணம் வியாபாரம். இவ்வளவு பணம் போட்டு எடுக்கிற படத்துக்கு ரசிகரை இழுக்கிற முகம் வேண்டும், சீனர்களில் அப்படி யாரும் இல்லை என்பார்கள். இன்றும் சினிமா தயாரிப்பில் இருப்பவர்கள் வெட்கமில்லாமல் சொல்லும் காரணம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வாங் லுங்குக்கு இது ஓரளவு பொருந்தும். முனி பெரிய நட்சத்திரம். ஆனால் ஓலானுக்கு? 1935 டிசம்பரில் லூயிஸ் ரெய்னர் நடித்து வெளியான ஹாலிவுட் படங்கள் எத்தனை? ஒன்று. ‘எஸ்கபேட்’, அதே வருஷம் வந்தது. அவருக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்த ‘தி கிரேட் சீக்ஃபெல்ட்’ அப்போது வெளியாகவே இல்லை. வோங்கோ பதினாறு வருஷமாகத் திரையில் இருந்தவர், ஜெர்மன் நட்சத்திரம் மார்லீன் டீட்ரிச்சோடு ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ஸில் நடித்தவர், வியன்னா, லண்டன், நியூயார்க் மேடைகளில் நின்றவர். பேர்தான் அளவுகோல் என்றால் டெஸ்ட்கூட எடுத்திருக்கத் தேவையில்லை.

ரெய்னரிடம் இருந்தது பேர் இல்லை, எம்ஜிஎம்மின் ஒப்பந்தம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ ஒரு நடிகையை வருஷக்கணக்கில் ஒப்பந்தத்தில் வைத்து, நல்ல வேடங்களாகப் பார்த்துக் கொடுத்து, விளம்பரம் செய்து, பாடுபட்டு நட்சத்திரமாக்கும். நட்சத்திரம் வானத்திலிருந்து விழுவதில்லை, நாற்று மாதிரி நட்டு வளர்ப்பது. வோங்கை அப்படி நட்டு வளர்க்க எம்ஜிஎம் ஒருபோதும் முன்வந்ததில்லை. வளர்க்கவில்லை, அதனால் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இல்லை, அதனால் வேடம் இல்லை.

ரெய்னரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது இந்தப் பின்னணி எதுவும் எனக்குத் தெரியாது. அதிகம் பேசாத பெண்ணாக, குனிந்த தலையும் தயங்கும் கண்ணுமாக அவர் நடித்திருப்பார். ஓலான் ஆசையாக வைத்துக்கொண்ட இரண்டு முத்துகளைக் கணவன் லோட்டஸுக்காகக் கேட்டு வாங்கிப் போகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு முழுக் கதையும் தெரிந்து மறுபடி பார்த்தபோதும் அந்தக் காட்சியின் வலி குறையவில்லை, கூடவே இன்னொரு வலியும் சேர்ந்துகொண்டது. நல்ல நடிப்பு என்பது நடந்த அநீதியை ரத்து செய்துவிடாது, அநீதி நடந்ததால் நடிப்பு மோசமாகியும் விடாது. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

சீனாவின் மறுப்பு

இந்த வழக்கில் பலர் தாண்டிப் போகிற பகுதி ஒன்று உண்டு. ஹாலிவுட் படங்களில் சீனர்களைத் திருடர்களாகவும் போதைக்காரர்களாகவும் காட்டுவதில் நான்கிங்கைத் தலைநகராகக் கொண்ட அன்றைய சீன அரசு கொதித்துப்போயிருந்தது. ‘தி குட் எர்த்’தைச் சீனாவில் படம் பிடிக்கவும் திரையிடவும் அனுமதி வேண்டுமென்றால் தங்கள் பிரதிநிதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று எம்ஜிஎம்மோடு ஒப்பந்தம் போட்டது. நியாயமான கோரிக்கை. ஆனால் அதே சீனத் தரப்புக்கு வோங்கையும் பிடிக்கவில்லை என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சீனாவின் மானத்தை வாங்குகிற வேடங்களில் நடிப்பவர் என்பது அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு.

1936இல் அவர் சீனாவில் இறங்கியபோதும் இதே கேள்வியைத்தான் அங்கிருந்த பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். ஏன் இப்படிப்பட்ட வேடங்களில் நடிக்கிறீர்கள்? நல்ல வேடம் கேட்டுப் போய், மறுக்கப்பட்டு, ஒரே ஒரு கெட்ட வேடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வி. அமெரிக்காவில் சீனப் பெண் என்று ஒதுக்கினார்கள், சீனாவில் அமெரிக்கக்காரி என்று பார்த்தார்கள். ஒரு இனத்துக்கே ஒரே ஒரு முகம்தான் திரையில் இருக்கிறது என்றால் அந்த ஒரு முகத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது பாருங்கள். டீட்ரிச் ஒரு படத்தில் கெட்டவளாக நடித்தால் ஜெர்மனியின் மானம் போனதாக யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. நூறு ஜெர்மன் முகங்கள் இருக்கின்றன.

மறைத்துக்கொண்டவர்

வோங் சீனாவில் இருந்த அதே 1936 மார்ச் 5ஆம் தேதி ஆஸ்கர் விழா. சிறந்த நடிகைக்கான பரிந்துரையில் மெர்ல் ஓபரான் இருந்தார், ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக. டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று விளம்பரத்துறை உலகுக்குச் சொல்லியிருந்தது. உண்மையில் அவர் 1911இல் பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்தவர். அவரை மகள் என்று சொல்லி வளர்த்த சார்லட் செல்பி உண்மையில் அவருடைய பாட்டி, இலங்கையில் வேர் உள்ள, ஐரோப்பிய ஆசிய ரத்தம் கலந்த யூரேசியப் பெண். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அந்தப் பாட்டியை வீட்டு வேலைக்காரி என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை மெர்லுக்கு. பாட்டி இறந்து பல வருஷம் கழித்து அவரை ஓவியமாக வரையச் சொன்னபோது தோலின் நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னாராம். 1979இல் மெர்ல் இறந்த பிறகுதான் இந்த விவரங்கள் வெளியே வந்தன.

நம் பக்கத்து மண்ணின் ரத்தம் ஓடிய ஒரு பெண் அந்த மேடை வரை போனார் என்று பெருமைப்படலாம் என்று பார்த்தால், அவர் கொடுத்த விலை மனதை அழுத்துகிறது. வோங்கால் மறைக்க முடியவில்லை, அதனால் வேடம் போனது. மெர்லால் மறைக்க முடிந்தது, அதனால் வேடங்கள் வந்தன, பாட்டி போனாள். ஒரே வருஷம், ஒரே ஊர், ஒரே கதவு.

அதற்குப் பிறகு

1937 ஜனவரியில் படம் வெளியானது. ரெய்னருக்கும் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டுக்கும் ஆஸ்கர். தால்பெர்க் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்தச் சமயத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் பழைய சைனாடவுனை, யூனியன் ஸ்டேஷன் கட்டுவதற்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். வீடிழந்தவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குமாக 1938இல் திறந்த ‘சைனா சிட்டி’யில் காட்சிப் பொருளாக ‘தி குட் எர்த்’தின் வாங் வீட்டை வைத்தார்கள். சீனர்கள் குடியிருந்த வீடுகள் போய், சினிமாக்காரர்கள் கற்பனை செய்த சீன வீடு மிஞ்சியது.

வோங் சீனாவிலிருந்து திரும்பி பாரமவுண்டில் சில சின்னப் படங்கள் செய்தார். அதில் ஒன்று 1937இல் வந்த ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’. கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆன் அதில் நாயகன். நாயகனும் நாயகியும் ஆசிய முகங்கள், இருவரும் நல்லவர்கள், கடைசி வரை உயிரோடு இருக்கிறார்கள். பெரிய பட்ஜெட் இல்லை, விருது இல்லை. ஆனால் ரசிகர்கள் தாங்க மாட்டார்கள் என்று எம்ஜிஎம் சொன்ன விஷயத்தை அதே வருஷம் பக்கத்து ஸ்டூடியோ செய்து காட்டியிருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. 2006இல் அந்தப் படத்தை அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

1943இல் சீனர் தடைச் சட்டம் ரத்தானது. போரில் சீனா நட்பு நாடு. சரி, இனிமேலாவது மாறும் என்று நினைத்தால், அடுத்த வருஷமே எம்ஜிஎம் பேர்ல் பக்கின் இன்னொரு நாவலான ‘டிராகன் சீட்’டைப் படமாக்கியது. சீனக் குடியானவப் பெண்ணாக கேத்தரின் ஹெப்பர்ன். சட்டம் போனது, அரசியல் மாறியது, ஒப்பனைப் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. விதி காரணமாக இருந்ததே இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1961இல் ‘ஃப்ளவர் டிரம் சாங்’, பெரும்பாலும் ஆசிய நடிகர்களே நடித்த பெரிய ஹாலிவுட் படம். மேடம் லியாங் வேடத்துக்கு வோங்கைப் பேசியிருந்தார்கள். உடம்பு முடியாமல் விலகினார். அந்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, 56 வயதில், இறந்துபோனார். அந்த வேடத்தில் கறுப்பின நடிகை ஜுவானிட்டா ஹால் நடித்தார்.

பிறகு வந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கும் தெரிந்தது. 1993இல் ‘தி ஜாய் லக் கிளப்’, அதற்கு 25 வருஷம் கழித்து 2018இல் ‘க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்’. நடுவில் 2015இல் சீன, ஹவாய் வம்சாவளிப் பாத்திரத்தில் எம்மா ஸ்டோன் நடித்த ‘அலோஹா’. இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். 2007 முதல் 2019 வரை அமெரிக்காவில் அதிகம் ஓடிய 1,300 படங்களைத் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஆசிய அல்லது பசிபிக் தீவு வம்சாவளியினர் முதன்மை வேடத்தில் இருந்தவை 44. அதில் 14 படங்கள் டுவெய்ன் ஜான்சன் என்ற ஒரே நடிகருடையவை. 2020இல் ஆஸ்கர் அகாடமி, சிறந்த படத்துக்குப் போட்டியிட நான்கு அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவேற்ற வேண்டும் என்று விதி வகுத்து 2024 விழாவிலிருந்து நடைமுறைப்படுத்தியது. திரையில் தெரியும் நடிகர்கள் அதில் ஒரு அளவுகோல் மட்டும்தான். மற்றவை கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள், பயிற்சி வாய்ப்புகள், விளம்பரப் பிரிவில் முடிவெடுப்பவர்கள் பற்றியவை. இது போதாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் லெவினின் மேசையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இதில் அர்த்தம் தெரிகிறது. சீனரின் முகம் எப்படி இருக்கும் என்று குறிப்பு எழுதிய அந்த அறையில் ஒரு சீனரும் உட்கார்ந்திருந்தால் அந்த வரி காகிதத்தில் ஏறியிருக்குமா?

2022 அக்டோபரில் அமெரிக்க அரசு வோங்கின் முகத்தைக் கால் டாலர் நாணயத்தில் அச்சிட்டது. 2023 மார்ச்சில், மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். வாங் லுங் வீட்டு முத்துகளுக்காக ரெய்னர் கையில் ஏறிய விருதுக்கும் இதற்கும் இடையில் 85 வருஷம்.

சீனாவில் எடுத்த படம்

எம்ஜிஎம் சாட்ஸ்வொர்த்தில் சீனாவைக் கட்டிக்கொண்டிருந்த 1936இல், வோங் அசல் சீனாவில் ஒரு ஒளிப்பதிவாளரை அமர்த்திக்கொண்டார். எச்.எஸ். வோங் என்பவர். அடுத்த வருஷம் குண்டுவீச்சில் சிதைந்த ஷாங்காய் ரயில் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து அழும் குழந்தையைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர் அவர்தான். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பயணத்தைப் படம் பிடித்தார்கள். கடைத்தெரு, துணி தைக்கிற இடம், குடும்பத்தார். கதை இல்லை, வில்லி இல்லை, ஒப்பனை இல்லை.

அந்தச் சுருள்கள் 20 வருஷம் போல அன்னா மே வோங்கிடமே இருந்தன. 1957இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைத் திரையிட்டார்கள். அவரே பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு காட்சியாக, யார் யார் என்று தன் குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்.